பாத்ரூம் மூலையில் கறுப்புக் கோடு... சிலிக்கான் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் திருச்சி வீடுகளில் துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், பாத்ரூம் மூலையில் கறுப்புக் கோடு ஒன்று மெதுவாக எட்டிப்பார்க்கும். ஷவருக்குக் கீழே சுவரும் தரையும் சேரும் இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது பிரஷ் போட்டுத் தேய்த்தால் போனதுபோல இருக்கும். கார்த்திகை தீபத்துக்குள் மறுபடி வந்து நிற்கும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்து வீடுகளில் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கி, விடியற்காலையிலிருந்தே வரிசையில் நின்று குளிக்கும் நாள்களில், அந்தக் கோடு முழ நீளத்துக்கு வளர்ந்திருக்கும்.

'எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது' என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு உண்டு. தேய்ப்பவர் கையில் குறை ஒன்றும் இல்லை. அந்த மூலையை எதை வைத்து அடைத்திருக்கிறார்கள், எப்படி அடைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே போட வேண்டிய பொருளின் பெயர் சீலன்ட். கடைகளில் 'சிலிக்கான்' என்று கேட்டால்தான் கிடைக்கும். ஒரே மாதிரி ட்யூபில் வந்தாலும், எல்லா சிலிக்கானும் பாத்ரூமுக்கு ஆகாது. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது, எப்படிப் போடுவது? பார்க்கலாம்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அவற்றை யாராலும் வீட்டுக்குள் வராமல் தடுக்க முடியாது. விழுந்த இடத்தில் ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் முளைத்துவிடும். சிலிக்கான் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லை. அதன் மேல் படியும் சோப்பு அழுக்கு, உடம்பிலிருந்து கழுவப்பட்ட எண்ணெய், தலைமுடித் துணுக்கு ஆகியவைதான் சாப்பாடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், கடலை மாவு, மஞ்சள் என்று நம் வீட்டு பாத்ரூம்கள் பூஞ்சைக்கு விருந்தே வைக்கின்றன.

மூலையில் கறுப்புக்குப் பதிலாக ரோஸ் நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் தெரிந்தால், அது பெரும்பாலும் பூஞ்சை அல்ல. செராசியா மார்செசன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்குவது அது. அதற்கும் சோப்பு அழுக்குதான் தீனி. தேய்த்துக் கழுவினால் எளிதில் போய்விடும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சையும் இருப்பதற்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமா போன்ற சுவாசக் கோளாறுகளுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடுகள் ஸ்ரீரங்கத்தில் நிறைய. அவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மூலை அடைப்பு விட்டுப்போன இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் வழுக்கும். எழுபது வயதில் பாத்ரூமில் விழுவது சின்ன விஷயம் அல்ல.

கொல்லைப்புறக் குளியலறையில் இது ஏன் இல்லை?

'எங்க பாட்டி காலத்துல இப்படியெல்லாம் கறுப்பு பிடிக்கலையே' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டி, கிணற்றடியை ஒட்டிக் கொல்லைப்புறத்தில்தான் குளியல். மேலே பாதி வானம். குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் வெயிலும் காற்றும் தரையைக் காயவைத்துவிடும். சுவரில் பூசியிருந்தது சுண்ணாம்பு. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம் என்பதால் பூஞ்சைக்கு அங்கே பிடி கிடைக்காது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்ததால் அந்தக் காரமும் புதுப்பித்துக்கொண்டே இருந்தது.

இன்று அந்த வீடுகளே இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. இடிக்காத வீடுகளிலும், முட்டிவலிக்காரர்களுக்காக ரேழி ஓரத்தையோ படுக்கையறையின் ஒரு மூலையையோ தடுத்து 'அட்டாச்டு பாத்ரூம்' கட்டிக்கொள்கிறார்கள். ஐந்தடிக்கு ஏழடி அறை. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். அதையும் கொசுவுக்குப் பயந்து மூடிவைத்திருப்பார்கள். வெயில் எட்டிப்பார்க்காத அந்த அறையில் ஷவர், கீஸர், காலையும் மாலையும் குளியல். ஈரம் எங்கே போகும்?

ஊரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். பக்கத்திலிருக்கும் திருவானைக்காவலோ பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்திலும் ஈரம் கூடும். பழைய செங்கல் சுவர்கள் அந்த ஈரத்தைக் கீழிருந்து உறிஞ்சி மேலே ஏற்றும். இந்த வகை ஈரத்தைச் சிலிக்கானால் நிறுத்த முடியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

வெள்ளை சிமென்ட் ஏன் நிற்பதில்லை?

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் மேஸ்திரி செய்யும் கடைசி வேலை, இடைவெளிகளில் வெள்ளை சிமென்ட்டையோ க்ரவுட்டையோ குழைத்துத் தேய்ப்பது. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அது சரி. ஆனால், சுவரும் தரையும் சேரும் மூலை, இரண்டு சுவர்கள் சேரும் மூலை, வாஷ்பேசினும் சுவரும் சேரும் கோடு, கண்ணாடித் தடுப்பின் ஓரம் ஆகிய இடங்களில் அது நிற்காது.

காரணம், அந்த இடங்கள் அசையும். கண்ணுக்குத் தெரியாத அசைவுதான். திருச்சி வெயிலில் மொட்டை மாடியும் வெளிச்சுவரும் சூடேறி விரிகின்றன, ராத்திரி சுருங்குகின்றன. கீஸரின் வெந்நீர் பட்ட டைல்ஸ் விரிகிறது, குளிர்ந்த தண்ணீரில் சுருங்குகிறது. சிமென்ட்டுக்கு வளையத் தெரியாது, விரிசல்தான் விடும். மயிரிழை விரிசலாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போக அது போதும். போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. அங்கேயே பூஞ்சை குடும்பம் நடத்தும். சிமென்ட்டில் நுண்துளைகளும் அதிகம். அழுக்கும் பூஞ்சையும் அதற்குள் இறங்கிவிட்டால் மேலே தேய்த்து எடுக்க முடியாது.

எனவே, டைல்ஸ் இடைவெளிக்கு க்ரவுட், மூலைகளுக்கு வளைந்துகொடுக்கும் சீலன்ட் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஷவர் பகுதியில் க்ரவுட்டையும் மாற்றப் போகிறீர்கள் என்றால், சிமென்ட் க்ரவுட்டைவிட எப்பாக்ஸி க்ரவுட் நல்லது. தண்ணீரை உறிஞ்சாது, கறையும் எளிதில் பிடிக்காது. விலையும் கூலியும் கூடுதல்தான். ஆனால், மூலைக்கு எப்பாக்ஸியும் ஆகாது. அதுவும் இறுகினால் வளையாது. குழாய் கசிவுக்கு ஒட்டும் எம்-சீலை மூலையில் அப்பிவைப்பதும் இதே காரணத்தால் வீண்.

கடையில் நடக்கும் உரையாடல்

மேலப்புலிவார்டு சாலையிலோ, தெருமுனை ஹார்டுவேர் கடையிலோ வழக்கமாக நடப்பது இதுதான்.

"அண்ணே, பாத்ரூமுக்கு ஒரு சிலிக்கான் குடுங்க."

"வொயிட்டாக்கா, டிரான்ஸ்பரன்டா?"

"வொயிட்டே குடுங்க."

வியாபாரம் முடிந்தது. கலரைத் தவிர வேறு எதையும் இருவரும் பேசவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் உண்மையில் மூன்று.

முதல் கேள்வி: இது சிலிக்கானா, அக்ரிலிக்கா?

இரண்டும் ஒரே அளவு ட்யூபில்தான் வரும். அக்ரிலிக் சீலன்ட் தண்ணீரில் கரைத்த வகை. விலை குறைவு, மேலே பெயின்ட் அடிக்கலாம், கையில் பட்டால் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ஜன்னல் சட்டம், சுவர் விரிசல் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால், காயும்போது சுருங்கும். எப்போதும் ஈரம் படும் ஷவர் மூலைக்கு அது சரிப்படாது. 'மேலே பெயின்ட் அடிக்கலாம்' என்று ட்யூபில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் அக்ரிலிக்தான். பாத்ரூமுக்கு வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: ஜி.பி.யா, சானிட்டரி கிரேடா?

'ஜி.பி.' என்றால் ஜெனரல் பர்ப்பஸ், பொதுவான உபயோகத்துக்கு. கண்ணாடி, அலுமினியம் வேலைக்கு நன்றாக இருக்கும். தண்ணீரையும் தாங்கும். ஆனால், அதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து இருக்காது. 'சானிட்டரி', 'ஆன்டி-ஃபங்கல்', 'மோல்டு ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருக்கும் வகையில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அது மெல்ல மெல்ல மேல்பரப்புக்கு வந்து, பூஞ்சை முளைப்பதைத் தடுக்கும். பாத்ரூமுக்கு வேண்டியது இதுதான்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பூஞ்சைத் தடுப்பு மருந்து மீன்களுக்கு ஆகாது. பாத்ரூமில் மிச்சமான சானிட்டரி சிலிக்கானைக் கொண்டு மீன் தொட்டியின் கசிவை அடைக்கக் கூடாது. குடிநீர்த் தொட்டிக்கும், சாப்பாடு நேரடியாகப் படும் இடத்துக்கும் கூடாது.

மூன்றாவது கேள்வி: அசிட்டாக்ஸியா, நியூட்ரலா?

பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். இறுகும்போது ஒரு பொருளை வெளியே விடும். அசிட்டாக்ஸி வகை, அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகர் வாடை வந்தால் அது இந்த வகை. விலை குறைவு, சீக்கிரம் இறுகும், கண்ணாடியிலும் பளபளப்பான செராமிக் டைல்ஸிலும் நன்றாகப் பிடிக்கும். நியூட்ரல் வகையில் அமிலம் வராது, வினிகர் வாடையும் இருக்காது.

நம் ஊர் பாத்ரூம்களில் இந்த வித்தியாசம் முக்கியம். சோப்பு வைக்கும் ஷெல்ஃப், வாசற்படித் திண்டு, வாஷ்பேசின் பலகை எல்லாம் பல வீடுகளில் கடப்பா கல். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் பட்டால் அரிக்கும். அசிட்டாக்ஸி சிலிக்கானை அதன் ஓரத்தில் போட்டால், ஒட்ட வேண்டிய பரப்பையே அந்த அமிலம் கெடுத்துவிடும். கொஞ்ச நாளில் சிலிக்கான் நாடா மாதிரி உரிந்து வரும். மார்பிளுக்கும் இதே கதிதான். சிமென்ட் பூச்சு, சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றிலும் அசிட்டாக்ஸி சரியாக ஒட்டாது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்க ரசத்தையும், பித்தளை, செம்புப் பொருள்களையும் இது அரித்துவிடும்.

ஆக, கடையில் சொல்ல வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்: "சானிட்டரி கிரேடு, நியூட்ரல் கியூர் சிலிக்கான் வேணும்." நான்கு பக்கமும் செராமிக் டைல்ஸ், கல்லே இல்லை என்றால் அசிட்டாக்ஸி சானிட்டரி சிலிக்கானே போதும். கல் எங்கேயாவது இருந்தால் நியூட்ரல்தான். கிரானைட், மார்பிள் ஓரங்களுக்கு 'நான்-ஸ்டெயினிங்' என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில சிலிக்கான்களின் எண்ணெய்ப் பசை கல்லுக்குள் ஊறி, ஓரத்தில் நிரந்தரக் கறையாகிவிடும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

தேதி: சிலிக்கானுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஓர் ஆண்டு அளவில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் கிடந்த ட்யூப் அதற்கு முன்பேகூடக் கெடலாம். காலாவதியான சிலிக்கான் எத்தனை நாளானாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். தயாரித்த தேதி அண்மையில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால், சுவரில் போடும் முன் ஒரு துண்டு டைல்ஸில் கொஞ்சம் போட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள்.

பரிசோதனை: 'ஏ.எஸ்.டி.எம். ஜி21', 'ஐ.எஸ்.ஓ. 846' என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் நல்லது. பூஞ்சை எந்த அளவுக்கு வளர்கிறது என்று பார்க்கும் பரிசோதனைகள் இவை. ஜி21-ல் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் பூஞ்சையே வளரவில்லை, 4 என்றால் பெரும்பகுதி மூடிவிட்டது. பள்ளிக்கூட மார்க்குக்கு நேர்மாறு, இதில் பூஜ்யம் வாங்கியதுதான் முதல் ரேங்க்!

அசைவு: 'பிளஸ் ஆர் மைனஸ் 25 சதவிகிதம்' என்பதுபோல ஓர் எண் இருக்கும். இடைவெளி எவ்வளவு விரிந்து சுருங்கினாலும் தாங்கும் என்பதற்கான அளவு. எண் கூடினால் தாங்கும் சக்தியும் கூடும்.

கலர்: டிரான்ஸ்பரன்ட் போட்டால், பின்னால் மிச்சமிருக்கும் அழுக்கும் கறுப்பும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி முதல் நாளே கண்ணில் படும். அது ஒரு விதத்தில் நன்மைதான், உடனே துடைத்துவிடலாம். கறுப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று கரும் சாம்பல் நிறம் வாங்கினால், பூஞ்சை வராமல் போய்விடாது. நமக்குத் தெரியாமல் வளரும், அவ்வளவுதான்.

வாரன்டி: 'இத்தனை ஆண்டு பூஞ்சை வராது' என்ற வாசகத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். மருந்து நாளாவட்டத்தில் கரைந்து குறைந்துகொண்டேதான் போகும். மேலே சோப்பு அழுக்கு திட்டாகப் படிந்துவிட்டால், பூஞ்சை அந்த அழுக்கிலேயே முளைத்துக்கொள்ளும், மருந்து அதை எட்டாது.

எத்தனை ட்யூப் வேண்டும்?

பலருக்கும் தேவைக்கு மேல் வாங்கிவிட்டு மிச்சத்தைக் காயவிடுவதே வழக்கம். கணக்கு எளிது. 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் உள்ள இடைவெளிக்கு, ஒரு மீட்டருக்கு 36 மி.லி. ஆகும். 280 மி.லி. ட்யூப் ஒன்று ஏறத்தாழ ஏழே முக்கால் மீட்டருக்கு வரும்.

மூன்றடிக்கு மூன்றடி ஷவர் மூலையை எடுத்துக்கொள்வோம். தரையோரம் இரண்டு பக்கம் சேர்த்து ஆறு அடி, மேலே செல்லும் மூலைக்கோடு ஏழு அடி. மொத்தம் 13 அடி, அதாவது சுமார் 4 மீட்டர். 144 மி.லி. போதும். ஒரு ட்யூபில் பாதிக்கு மேல்தான் ஆகும். மிச்சத்தில் வாஷ்பேசின் ஓரத்தையும் முடித்துவிடலாம். சாதாரண சிலிக்கானுக்கும் சானிட்டரி கிரேடுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, மேஸ்திரியின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையை இரண்டு முறை செய்வதுதான் உண்மையான செலவு.

பழசை எடுக்காமல் புதுசு போடாதீர்கள்

சிலிக்கான் மேல் சிலிக்கான் ஒட்டாது. பழைய கறுப்பு சிலிக்கானுக்கு மேலேயே வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும் வேலைகள் சில மாதங்களில் உரிந்துவிடுவது இதனால்தான். கட்டர் பிளேடால் இரு ஓரமும் கீறி, பழசை முழுதாக உரித்தெடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைச் சுரண்டி எடுத்து, சிலிக்கான் ரிமூவரால் துடைக்க வேண்டும். விரிசல்விட்ட வெள்ளை சிமென்ட் இருந்தால் அதையும் கிளறி எடுத்துவிடுங்கள்.

பிறகு பூஞ்சையைக் கொல்ல வேண்டும். ஒரு பங்கு லிக்விட் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தடவி, 10-15 நிமிடம் ஊறவிட்டு நன்றாகக் கழுவுங்கள். கையில் கிளவுஸ், கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

இங்கே கவனம் மிக முக்கியம்: பிளீச்சோடும் பிளீச்சிங் பவுடரோடும் ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. 'ரெண்டையும் கலந்தா நல்லா பளிச்சுனு ஆகும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் நாள் ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால், நிறையத் தண்ணீர்விட்டு அலசிய பிறகே பிளீச்சைத் தொட வேண்டும். வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கழுவியதும் உடனே சிலிக்கான் போட்டுவிடக் கூடாது. இடைவெளி எலும்பு வரை காய வேண்டும். குறைந்தது ஒரு நாள், மழைக்காலமென்றால் இரண்டு நாள் அந்த பாத்ரூமுக்கு விடுமுறை. டேபிள் ஃபேனை வாசலில் வைத்துக் காற்று விடலாம். காற்றில் ஈரம் இருந்தால் சிலிக்கானுக்கு நல்லது, இறுக உதவும். டைல்ஸில் ஈரம் இருந்தால் கெட்டது, ஒட்டாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

போடும் முறை

ஆழமான இடைவெளி என்றால், முதலில் 'பேக்கர் ராடு' எனும் பஞ்சுக் கயிற்றை உள்ளே திணித்துவிட்டு மேலே சிலிக்கான் போடுங்கள். சிலிக்கான் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டினால்தான் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டு வரும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழியும்.

இரு ஓரங்களிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். நாசிலை இடைவெளியின் அகலத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். கன்னை ஒரே வேகத்தில் நிறுத்தாமல் இழுத்துச் செல்லுங்கள். 10 நிமிடத்துக்குள் விரலாலோ ஸ்பேட்டுலாவாலோ ஒரே இழுப்பில் அழுத்தி வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். விரலில் சோப்புத் தண்ணீர் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். ஊற்றிவிடக் கூடாது. ஓரத்தில் புகுந்தால் அங்கே ஒட்டாது.

வழித்த பிறகு மேல்பரப்பு சற்றே குழிவாக, தண்ணீர் வழிந்து ஓடும்படி இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும், அங்கேதான் முதல் கறுப்புப் புள்ளி வரும்.

கண்ணாடித் தடுப்பு வைத்த ஷவர் என்றால், சட்டத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் அடையுங்கள். உள்பக்கமும் அடைத்தால், சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் திரும்பி வர வழியின்றித் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மேலே அரை மணி நேரத்துக்குள் ஆடை கட்டிவிடும். அதை நம்பி வாளியை எடுத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். 6 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். 'நாலு மணி நேரத்துல குளிக்கலாம்' என்று யார் சொன்னாலும், ட்யூபில் போட்டிருக்கும் நேரத்தையே நம்புங்கள்.

சிலிக்கானால் தீராத பிரச்னைகள்

தரமான சிலிக்கான், நல்ல வேலை. ஆனாலும், ஆறே மாதத்தில் கறுப்பு வருகிறதா? காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

சாட்டம்: குளித்த பிறகு மூலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தரையின் சாட்டம் சரியில்லை. எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் எந்த சீலன்ட்டும் நீண்ட நாள் தாங்காது.

சுவருக்குள் ஈரம்: டைல்ஸ் இல்லாத இடத்தில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பழைய வீடாக இருந்தால் தரையிலிருந்து ஏறும் ஈரமாக இருக்கலாம். சுவருக்குள் செல்லும் பைப்பில் கசிவாகவும் இருக்கலாம். மூலையை அடைத்தால் அந்த ஈரம் வேறு இடத்தில் வெளியே வரும்.

கீழ்வீட்டுக் கூரை: அடுக்குமாடிகளில் கீழ்வீட்டு மாமி மேலே ஏறி வந்து, "எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுதும்மா" என்று சொன்னால், மூலையில் சிலிக்கான் போட்டு அனுப்பிவைக்கும் விஷயம் அல்ல அது. தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கலாம், நானி டிராப்பில் கசிவு இருக்கலாம். டிராப்பை அடைத்துத் தரையில் தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் பார்த்தால் தரைக் கசிவா, பைப் கசிவா என்று ஓரளவு பிடிபடும். முன்கூட்டியே கீழ்வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்த பரிசோதனை சண்டையில்தான் முடியும்.

காற்று: வென்டிலேட்டருக்குக் கொசுவலை போடுங்கள், மூடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். குளித்த கடைசி ஆள் ஒரு வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்தது. வாரம் ஒரு முறை மூலைகளை மென்மையான பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் கொண்டு தேய்த்தால் போதும். கம்பி நார் வேண்டாம். சிலிக்கானில் கீறல் விழுந்து, அதிலேயே அழுக்கு தங்கும்.

மாற்ற வேண்டுமா, துடைத்தால் போதுமா?

பிளீச் கரைசலில் நனைத்த டிஷ்யூவைக் கறுப்பின் மேல் நீளமாக ஒட்டி, சில மணி நேரம் விட்டுக் கழுவிப் பாருங்கள். போய்விட்டால் மேலோட்டமான பூஞ்சை. அப்படியே இருந்தால் பூஞ்சை சிலிக்கானுக்குள்ளோ பின்னாலோ இறங்கிவிட்டது. விரலால் தள்ளிப் பார்க்கும்போது ஓரம் விட்டுக்கொடுத்தாலும், பிளந்திருந்தாலும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டியதுதான்.

நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. புரட்டாசிக் கடைசியில், அடைமழை பிடிக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடலாம். அப்போது தவறினால், மார்கழி விருந்தாளிகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பாவது முடிக்க வேண்டும். அவர்கள் வந்து இறங்கிய பிறகு மூன்று நாள் பாத்ரூமைப் பூட்டிவைக்க எந்த வீட்டாலும் முடியாது. ட்யூபை வாங்கிய அன்றே தேதியும், வகையும், போட்ட இடமும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையில் "வொயிட்டாக்கா, டிரான்ஸ்பரன்டா?" என்று கேட்கும்போது காட்ட உதவும்.